செல்வரட்ணத்தாரின் புதன்கிழமைகள்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர் நடுவில் கடுதாசி விளையாட்டு, சீட்டாட்டம் என்று பேச்செடுத்தால் செல்வரட்ணத்தாரின் பெயர் வராமல் போகாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தின் பின்மேசையில் முந்நூற்றி நாலு என்ற ஆட்டம் தொடங்கும். எது இறங்கிவிட்டது, எது இன்னும் கைகளில் கிடக்கிறது, எவன் துருப்பை வைத்துக்கொண்டு அப்பாவி போல முகட்டைப் பார்க்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மற்ற விசயங்களில் அவரைப் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல வராது. காரை நிறுத்திய இடம் மறந்துபோகும். மகள் பிறின்சியின் பிறந்தநாளை மனைவி யோசப்பின்தான் இரண்டு நாள் முந்தி நினைவூட்ட வேண்டும். ஆனால் போன மாசி மாதம் கூட ஆடும் அசோகன் எந்தக் கடுதாசியை இறக்கித் தோற்றான் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்லுவார்.

அந்த மேசைக்கு ஒரு பழக்கம் உண்டு. கடுதாசியைக் கலக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அள்ளி அடுக்கி, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, அப்படியே பிரிப்பார்கள். கலக்கினால் விளையாட்டின் ருசி போய்விடும் என்பது அவர்கள் கட்சி. அதனால் ஒன்றாகக் கிடந்தவை ஒன்றாகவே வரும். மூன்று நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றவனுக்கு வெட்டு மாறும்போது கை திரும்பும். இருபத்தெட்டு வருடமாக இதைப் பார்த்து வந்த மனிதருக்கு, கடுதாசிக்கு ஞாபகம் உண்டு, கொஞ்சம் நியாயமும் உண்டு என்ற எண்ணம் உள்ளுக்குள் ஊறிப்போய்விட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

அவருக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். தை மாதம் தலைமைச் சமையற்காரர் ஓய்வு பெற்றபோது, எல்லோருமாகப் பக்கத்து நகரத்துக் கசினோவுக்குப் போனார்கள். செல்வரட்ணத்தார் பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், பிளாக் ஜாக் மேசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். இருபத்தொன்றைத் தாண்டாமல், கடுதாசி போடுகிற ஆளைவிடக் கூட எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

வீட்டுக்கு வரும்போது ட்ராமிலேயே அவருக்குத் திட்டம் உதித்துவிட்டது. பத்து யூரோ வைப்பது. தோற்றால் இருபது. அதுவும் தோற்றால் நாற்பது. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால், எந்த ஆட்டத்தில் வென்றாலும் விட்டதெல்லாம் திரும்பி வந்து மேலே பத்து யூரோ கையில் நிற்கும். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் தொடர்ந்து தோற்பான்? உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதே திட்டத்தைத் தாங்களே கண்டுபிடித்ததாக எண்ணிப் பூரித்திருக்கிறார்கள். நம்முடைய ஆளும் பூரித்தார். அந்த மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடியவும் கடுதாசிகளை அதற்குள் போடுவார்கள், அது உள்ளே கலக்கிக்கொண்டே இருக்கும். அதை அவர் கண்டார். கண்டும் காணாதவர் போல இருந்துவிட்டார்.

இனி யோசப்பினின் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறின்சி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் யோசப்பின், பிள்ளை பிழைத்தால் லூர்துக்கு வந்து காலடியில் நிற்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்தாள். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, படித்து, இப்போது டோட்முண்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறது. வயது இருபத்தாறு. லூர்துதான் இன்னும் கிடைக்கவில்லை. தம்பியை வெளிநாட்டுக்கு எடுத்தது, மாமியாரின் செத்தவீடு, சலவை இயந்திரம் என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்த காசுக்கு வேறு வழி வந்துவிடும். இந்த வருடம் செபக்குழுக் கொட்வின் வைகாசியில் பிரான்சுக்கு, லூர்துக்குப் பஸ் விடுகிறான். ஆளுக்கு எழுநூற்றி இருபது யூரோ. பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்து யோசப்பின் சேர்த்த ஆயிரத்து ஐந்நூறு யூரோ, கலியாணச் சேலைக்கு அடியில் ஒரு கடித உறையில் இருந்தது.

அந்த உறையைத்தான் செல்வரட்ணத்தார் கையில் எடுத்தார். புதன்கிழமைகளில் அவருக்கு வேலை மத்தியானத்தோடு முடியும். உறையிலிருந்து எழுநூறை எடுத்துக்கொண்டு போவார். நாற்பதோ ஐம்பதோ வென்றதும் எழும்பிவிடுவார். மனைவி வேலையால் வருவதற்கு முன் எழுநூறும் சேலைக்கடியில் போய்ச் சேர்ந்துவிடும். எங்கே போனீர்கள் என்று கேட்டால், முழங்காலுக்கு வைத்தியம், புதன்கிழமைதான் ரெர்மின், பார்க்கிற நேரம் தருகிறார்கள் என்பார்.

ஒன்பது புதன்கிழமைகள் இப்படி ஓடின. வென்ற காசை அவர் தனக்கென்று செலவழிக்கவில்லை. யோசப்பினுக்குக் குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கினார், ஒருநாள் கைமுழ நீளத்தில் மீன் வாங்கினார்.

“முழங்காலைக் காட்டப் போனால் மீனும் குடுத்து விடுகினமோ?” என்று யோசப்பின் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்தாவது புதன்கிழமை முதல் பத்து யூரோ போனது. இருபது போனது. நாற்பதும் எண்பதும் போனபோது அவர் கலங்கவில்லை. கை திரும்பும் நேரம் கிட்டுகிறது என்றே நினைத்தார். நூற்றி அறுபது போனது. கடைசியாக முந்நூற்றி இருபதை வைத்தபோது அவருடைய கடுதாசிகளைக் கூட்டினால் இருபது வந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கடுதாசி போடுகிற பெண் நிதானமாக ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்து இருபத்தொன்றில் நின்றாள்.

அடுத்தது அறுநூற்றி நாற்பது. அந்தப் பெண் மேசையில் இருந்த சின்னத் தகட்டை மரியாதையாகக் காட்டினாள். இந்த மேசையில் ஒரு ஆட்டத்துக்கு ஐந்நூறுக்கு மேல் வைக்க முடியாது. ஒன்பது கிழமையாக அந்தத் தகடு அவருடைய மூக்குக்கு முன்னால்தான் இருந்தது. தகடு இல்லாவிட்டாலும் என்ன, பையில் இருந்தது எழுபது யூரோ.

வியாழன் முழுக்கச் சமையலறையில் அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். உறையில் மிச்சம் எண்ணூற்றி எழுபது. ஞாயிற்றுக்கிழமை கொட்வினுக்குக் காசு கொடுக்க வேண்டும். இவ்வளவு தோற்ற பிறகு இனி வெல்லத்தானே வேண்டும் என்று மனம் நச்சரித்தது. வெள்ளிக்கிழமை வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, உறையைக் கோட்டின் உள்பையில் வைத்தார்.

அந்த வியாழன் பின்னேரம் குசினியில் யோசப்பின் கேட்டாள்: “ஞாயிற்றுக்கிழமைக்குக் கொட்வின்ரை காசை எடுத்து வைக்கட்டோ?”

பாதியைச் சொன்னார். கசினோவுக்குப் போனதை, ஒன்பது தரம் வென்றதை, நேற்று அறுநூற்றி முப்பது விட்டதை எல்லாம் சொன்னார். காசு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

“திட்டத்திலை பிழை இல்லை யோசப்பின். ஒருநாள் சறுக்கிப்போட்டுது, அவ்வளவுதான்.”

யோசப்பின் சத்தம் போடவில்லை. “எனக்கு விளங்கேல்லை. விளையாடிக் காட்டுங்கோ” என்றாள்.

காய்ந்த கடலையில் அறுபத்திமூன்றை எண்ணித் தன் பக்கம் வைத்தார். ஒரு கடலை பத்து யூரோ. யோசப்பின்தான் கசினோ. பதினேழு வரும்வரை அவள் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

“அங்கை கடுதாசியைக் கலக்குவினமோ, உங்கடை ஆக்கள் மாதிரி வெட்டுவினமோ?”

“கலக்குவினம்.”

அவளுக்குக் கலக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அரிசி களைவது போல இரண்டு கையாலும் அளைந்து அளைந்து எடுத்தாள்.

ஒரு மணி நேரம் போனது. ஒன்று, ஒன்று என்று இருபத்தொன்பது கடலை சேர்ந்தது. செல்வரட்ணத்தாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீரோ! நான் சொன்னனெல்லே!” என்றார். யோசப்பின் “ம்” என்றுவிட்டு மறுபடி அளைந்தாள். அதற்குப் பிறகு ஒன்று போனது, இரண்டு போனது, நாலு போனது, எட்டு போனது. பதினாறை இரண்டு தரம் எண்ணி வைத்தார், அதுவும் போனது. முப்பத்திரண்டும் போனபோது யோசப்பின் கடலைகளை முழங்கையால் தன் பக்கம் இழுத்தாள்.

“ஒண்டு ஒண்டாப் பொறுக்கினியள். ஒரேயடியா வாரிக் குடுத்திட்டியள்” என்றாள். “இப்ப அறுபத்திநாலு வைக்கோணும். உங்களிட்டை இருக்கிறது இருபத்தொன்பது. மிச்சத்துக்கு எங்கை போவியள்?”

கதிரையில் கோட்டு தொங்கியது. அவருடைய கை தன்பாட்டில் அதன் உள்பைக்குப் போனது. போன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. யோசப்பின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உறையை எடுத்துக் கடலைகளுக்கு நடுவில் வைத்தார்.

“எண்ணூற்றி எழுபது இருக்கு. மிச்சத்தை விட்டிட்டன். இதையும் நாளைக்குக் கொண்டுபோக இருந்தனான்.”

அவள் உறையை எண்ணிப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “பிள்ளை பெட்டிக்குள்ளை கிடக்கேக்கை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனியள். ரெண்டு பேருமா வாறம் எண்டுதான் நான் மாதாவிட்டைச் சொன்னனான்” என்றாள்.

“நீர் போம் யோசப்பின். ஒரு ஆளுக்குக் காணும். எனக்கு வர முகமில்லை.”

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, இருவருமாகக் கசினோவுக்குப் போனார்கள். யோசப்பின் கோயில் சேலையில் வாசலில் நிற்க, என்னை இனி உள்ளே விடாதீர்கள் என்ற அன்றாக் விண்ணப்பத்தை அவர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்தக் கசினோவும் அவரை ஏற்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது யோசப்பின், “லீவு கிடைக்கேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ” என்றாள். அவரை ஊர் வாயில் விட அவளுக்கு மனமில்லை. அவர் தலையாட்டினார். மண்டபத்தில் கொட்வின் காசை எண்ணிவிட்டு நிமிர்ந்தான்.

“என்ன அண்ணை, ஒரு ஆளுக்கோ? நீங்கள் வரேல்லையோ?”

பின்மேசையில் அசோகன் கடுதாசியோடு காத்திருந்தான். எல்லாருக்கும் கேட்கும் தூரம்தான்.

“என்ரை இடத்தை நான் கசினோவிலை தோத்திட்டன் தம்பி. ஒருத்தரும் ஏமாத்தேல்லை. நானாப் போய்த் தோத்தது” என்றார் செல்வரட்ணத்தார். வேறு யாராவது அதே திட்டத்தோடு இருந்தால் விட்டுவிடச் சொல்லியும் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்கள். எந்த இரண்டு பேர் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

வைகாசியில் பஸ் போனது. மூன்றாம் நாள் அவர் வேலை உடுப்போடு சமையலறை வாசலில் நின்றபோது போன் அடித்தது. யோசப்பின். பின்னால் நிறையப் பேர் மெதுவாகச் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

“நிக்கிறன்” என்றாள். “காலடியிலைதான் நிக்கிறன்.”

“அழுறீரோ?”

“ஓம்.” அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நீங்களும் வந்திருக்கலாம் என்னப்பா.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. குரலில் அன்புதான் இருந்தது. அந்த முகத்தை அந்த இடத்தில் பார்க்கத்தானே இருபத்தாறு வருடம் காத்திருந்தேன் என்று செல்வரட்ணத்தாருக்கு அப்போதுதான் உறைத்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்காமல், அவர் அழுதுகொண்டு நின்றார்.