பஞ்சு வைக்காத கட்டு

கட்டுக்குக் கீழே குளம்பைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. மற்ற பின்னங்காலின் குளம்பைத் தொட்டேன்; அதில் சூடு இருந்தது. பதினான்கு வருடமாக மாடு பார்க்கும் எனக்கு அதற்கு மேல் எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனாலும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

பாப்பாரப்பட்டியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். ஆடு மாடு வளர்ப்பவர்களும், என்னைப் போலச் சிக்கனமாகக் கட்டுப் போடும் டாக்டர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் சிக்கனத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மருந்துக் கம்பெனிக்காரர்கள் பளபளவென்று புத்தகத்தைக் காட்டி, புண்ணில் ஒட்டாத துணி என்று ஒன்றை விற்க வருவார்கள். அதன் விலையைக் கேட்டாலே மாட்டுக்காரர் ஓடிவிடுவார். நான் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, குக்கரில் வேகவைத்து, காயவைத்து, வாசலின் தடவிப் போடுவேன். அதுவும் ஒட்டாது. சீழ் அதிகம் வந்தால் குழந்தைகளுக்குப் போடும் டயாபர். இதிலெல்லாம் எந்தத் தப்பும் இல்லை. இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

சிட்டு எட்டு மாதக் கிடேரிக் கன்று. கம்பி வேலியில் மாட்டி, பின்னங்கால் முட்டிக்குக் கீழே சதை கிழிந்திருந்தது. வளர்த்தவர் மாதம்மாள் அக்கா; கணவர் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கு முந்தைய நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எலும்பு தப்பியிருந்தது. நல்லபடியாக ஆறும் என்று நம்பிக்கையோடு சொன்னேன்.

கட்டு என்பது மூன்று அடுக்கு. புண்ணைத் தொடும் துணி, அதன்மேல் மெத்தென்று பஞ்சு, அதற்குமேல் இறுக்கிப் பிடிக்கும் சுருள்துணி. அன்று பஞ்சு அரை உருண்டைதான் மிச்சம். பண்டிகை முடியும்வரை கடை திறக்காது. இதைவிடப் பெரிய காயத்தோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று அதை எடுத்து வைத்துவிட்டேன். நாலு நாளில் மாற்றப்போகும் கட்டுதானே, தாங்கும் என்று வேட்டித்துணியின் மேலேயே சுருள்துணியைச் சுற்றினேன்.

அந்தப் பண்டிகையில் வேறு யாரும் வரவில்லை.

மாட்டுப் பொங்கலன்று மாதம்மாள் அக்கா எல்லா மாடுகளையும் போர்வெல் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார். கட்டு நனையக் கூடாதே என்று சிட்டுவின் காலில் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மேலே கயிறு கட்டியிருக்கிறார். முதுகில் ஊற்றிய தண்ணீர் கால் வழியே இறங்கிக் கவருக்குள் தேங்கிவிட்டது. சாணி படாமல் இருக்கட்டும் என்று கவரை அவிழ்க்கவும் இல்லை. நனைந்த பருத்தி சுருங்கும். பஞ்சு இருந்திருந்தால் அந்த இறுக்கத்தைக் கொஞ்சமாவது தாங்கியிருக்கும்.

பொங்கலுக்கு எந்த வீட்டில் மாட்டைக் குளிப்பாட்டாமல் விடுவார்கள்? எங்கள் வீட்டிலும் குளிப்பாட்டினோம். இது எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. கட்டுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், சில்லென்றால் அந்த நிமிடமே கட்டை வெட்டிவிட்டு எனக்குப் போன் போடுங்கள் என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் கட்டு மாற்றக் கொண்டுவந்தபோதுதான் குளம்பைத் தொட்டேன். கேங்ரீன் (ரத்தம் போகாமல் சதை செத்துப்போவது) முற்றிவிட்டது. ஊசியால் குத்தினேன், காலை இழுத்துக்கொள்ளவில்லை; இனிக் கட்டை வெட்டினாலும் பயனில்லை. கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அறுவைச் சிகிச்சை டாக்டருக்குப் போனில் படம் அனுப்பினேன். "பாதம் முழுக்கப் போயிடுச்சும்மா. கஷ்டப்படுத்தாதே" என்றார்.

மாதம்மாள் அக்காவிடம் சொன்னபோது அவர் தன் தலையில்தான் அடித்துக்கொண்டார். "நான்தானுங்க கெடுத்துட்டன். எல்லாத்தையும் கழுவி மஞ்ச குங்குமம் வெச்சனுங்க, இத மட்டும் எப்பிடி வுடறதுன்னு..."

"உங்க மேல தப்பில்லீங்கக்கா. உள்ள பஞ்சு வெச்சிருக்கணும். இருந்துச்சு, நான்தான் வெக்கல."

அவர் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வெகுநேரம் கன்றின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். வலியில்லாமல் உயிரைப் போக்கும் ஊசியை நான் எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தக் கட்ட அவுத்துடுங்க டாக்டரம்மா. கட்டோட போக வேணாம்."

கத்தரியால் வெட்டி எடுத்தேன். வாசலின் துணி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வேலி கிழித்த இடம் கட்டின் மேல் ஓரத்தில் இருந்தது. அங்கே மட்டும் ரத்த ஓட்டம் இருந்திருக்கிறது. ஓரமெல்லாம் புதுச்சதை ரோஜா நிறத்தில் ஏறியிருந்தது. சீழ் இல்லை. அதற்கு அரை சாண் கீழே கால் கறுத்துப்போயிருந்தது.

மாதம்மாள் அக்கா குனிந்து பார்த்தார். அந்தச் சிவந்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"புண்ணு ஆறிட்டு வந்திருக்குதுங்களே."

"ஆமாங்கக்கா" என்றேன். அழுதுகொண்டேதான் ஊசி போட்டேன்.

இப்போதெல்லாம் கட்டுப் போட்டவுடன் யாரையும் அனுப்புவதில்லை. அரை மணி நேரம் உட்காரவைத்து, குளம்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் விடுகிறேன். புண் எத்தனை நாளில் ஆறும் என்று கேட்டால் முன்பு சட்டென்று நாள் சொல்வேன். இப்போது வாயில் வருவதில்லை. நன்றாக ஆறிவரும் புண்ணைப் பார்த்தாலும் கை முதலில் குளம்புக்குத்தான் போகிறது. அந்தக் காலைத் தரையில் ஊன்றி மாடு நாலடி நடந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராகிறது.