இருபத்தெட்டாவது பயணி

பயண நிறுவனத்தின் பொது நிபந்தனைகள், ஒன்பதாம் பிரிவு, இரண்டாம் பந்தி: பயணி எழுத்துமூலம் கேட்கும் கேள்விகளுக்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்கப்படும். சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எறும்புக்கால் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்த ஒரே வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் முதற்பக்கத்துக் கடலையும் தங்கக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்.

என் கேள்வி சிக்கலில்லாதது. பெப்ரவரியில் நான் கலந்துகொள்ளும் தாய்லாந்துச் சுற்றுலாவில், இரண்டு நாட்களுக்கு மட்டும், என் சகோதரி எங்கள் பேருந்தில் ஓர் இருக்கையில் அமர்ந்து வர அனுமதி உண்டா? நல்ல ஜெர்மன் மொழியில் எழுதி, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அக்காவை நான் கண்டு பதின்மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. என்னிடம் இருந்தது நீல நிற அகதிப் பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த சகல நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அக்கா கொழும்பில் மகளோடு இருந்தார். ஜெர்மனிக்கு வர அவர் கேட்ட விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. அந்த நாட்களில் கொலோனில் எங்களவர் பலர் தாய் தகப்பனைப் பார்ப்பதற்கு, இரு பக்கத்தாருக்கும் விசா கிடைக்கும் பாங்கொக்கைத்தான் நம்பியிருந்தார்கள். கொழும்பிலிருந்து துணிமணி வாங்கப் பாங்கொக் போகும் பெண்கள் கூட்டம் ஒன்றோடு அக்காவும் நான்கு நாட்கள் வருவதாக ஏற்பாடு. என் சுற்றுலாவும் அதே நான்கு நாட்கள் பாங்கொக்கில் தங்கும். முதல் நாள் ‘சொந்த விருப்பப்படி’ என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. இரண்டாம் நாள் அயுத்தயா, மூன்றாம் நாள் காஞ்சனபுரிப் பக்கத்து ஏழடுக்கு அருவி. நான்காம் நாள் காலை அக்காவுக்கு விமானம்.

அந்த இரண்டு பயணங்களையும் விட்டுவிட்டு ஹோட்டலில் இருந்து அக்காவோடு கதைத்தால் என்ன என்று யாரும் கேட்பார்கள். கேட்கிறவர்கள் ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்காதவர்கள். எனக்கு அந்தக் காத்திருப்பு ஆறு வருடம். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. கொலோனிலிருந்து அரை மணி ரயில் தூரம் பான். அங்கே ஒரு கலியாணத்துக்குப் போய் வந்ததற்கு நான் தண்டம் கட்டியவன். அதற்கு முன்னர் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவனும் நானே. தாய்லாந்து விசாவை இந்த நிகழ்ச்சி நிரலைக் காட்டித்தான் வாங்கியிருந்தேன். எழுதிக் கொடுத்ததை மீறி ஒரு நாள் ஹோட்டலில் படுத்திருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயம்.

மனைவிக்கு முழங்கால் வருத்தம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வேலை வேறு. அவர் வரவில்லை. ஆனால் கருத்துச் சொல்லத் தவறவில்லை.

"இஞ்சேருங்கோ, சொந்த அக்காவுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கும் அன்ட்ராக் போட்ட ஒரே மனிசன் நீங்கள்தான்." விண்ணப்பம் என்பதற்கு அவர் அந்த ஜெர்மன் சொல்லையே பாவிப்பார்.

"பதில் வந்திட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை."

"வராட்டி?"

பதினான்கு வேலை நாட்கள் போயின. நத்தார்ப் பண்டிகையும் போனது. நினைவூட்டல் கடிதம் ஒன்று அனுப்பினேன். அதற்கும் மௌனம். அந்த இடைவெளியில் தாய்லாந்தைப் பற்றிக் கொலோன் நகர நூலகத்தில் கிடைத்த அத்தனையையும் வாசித்து முடித்தேன். படுத்திருக்கும் புத்தர் நாற்பத்தாறு மீற்றர் என்பதும், கோயிலுக்குள் காலை நீட்டி உட்காரக் கூடாது என்பதும் விமானம் ஏறுவதற்கு முன்னரே எனக்குத் தெரியும்.

ஹோட்டல் வாசலில் முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கிய அக்காவை உடனே அடையாளம் கண்டேன். வெள்ளைச் சேலை, காலில் மருமகனுடையதாக இருக்க வேண்டிய பெரிய ஓட்டச் சப்பாத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. என்னைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, தலைமயிரையும் அங்கை எடுத்துப் போட்டாங்களோ?"

பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். வரவேற்பு மேசைப் பெண் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தாள். அழுது முடிந்ததும் அக்கா கோப்பைத் திறந்தார். உள்ளே அவருடைய இரண்டு விசா மறுப்புக் கடிதங்கள்.

"இதில என்னெண்டு எழுதியிருக்கு? ஒருத்தரும் எனக்கு வடிவாய்ச் சொல்லேல்லை."

"திரும்பிப் போற விருப்பம் நிரூபிக்கப்படேல்லையாம்."

"ஆருக்கு, எனக்கோ? உன்ர குளிருக்குள்ள கிடந்து நான் என்ன செய்யிறது? முதல் நாளே திரும்பிப் போவன். அதை ஏன் அவங்களிட்டை நீ சொல்லேல்லை?"

முதல் நாள் நன்றாகக் கழிந்தது. நகரத்தின் நடுவே, மேலே பாலமும் கீழே வாகன நெரிசலுமாக ஒரு நாற்சந்தி. அதன் மூலையில் நான்முகப் பிரமாவுக்கு ஒரு சன்னிதி. செவ்வந்தி மாலை, ஊதுபத்திப் புகை, மர யானைகள், நேர்த்தி வைத்தவர்களுக்காக ஆடும் பெண்கள். அலுவலகம் போகிறவர்கள்கூடப் பையைத் தோளில் மாட்டியபடி நின்று கும்பிட்டார்கள். அக்கா நான்கு முகத்துக்கும் ஒவ்வொரு முறை கும்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஊரில ஒரு கோயிலும் இல்லாத மனிசன். இஞ்ச வந்து நல்லாய்த்தான் இருக்கிறார். பத்திரம் கிடைச்சிட்டுது போல."

அங்கிருந்து படுத்திருக்கும் புத்தரிடம் போனோம். பாதங்களில் சிப்பி பதித்த நூற்றெட்டு மங்கலச் சின்னங்களை நான் வரிசையாக விளக்கத் தொடங்கினேன். என் கணக்கின்படி அடுத்த கோயிலுக்குப் புறப்பட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அக்கா தூணில் சாய்ந்துகொண்டார்.

"இவரைப் பார், எவ்வளவு ஆறுதலாய்ப் படுத்திருக்கிறார். நீ என்னைப் பத்து நிமிசம் இருக்க விடுறாய் இல்லை."

மாலையில் ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் வைத்து உண்மையைச் சொன்னேன். நாளையும் மறுநாளும் நான் குழுவோடு போக வேண்டும், அக்காவைக் கூட்டிப் போக அனுமதி கேட்டுப் பதில் வரவில்லை.

அக்கா தேநீர்க் கோப்பையை வைத்தார். "கேட்டனியோ?"

"ஓம். பதிவுத் தபாலில்."

"பதின்மூண்டு வரியத்துக்குப் பிறகு வாறன். மூண்டு நாளில ரெண்டு நாள் நீ நீர்வீழ்ச்சி பாக்கப் போறாய்." பில்லைக் கொண்டுவரச் சொல்லிக் கடைக்காரருக்குக் கைகாட்டினார். நான் எழுதிக்கொடுத்த நிகழ்ச்சி நிரலைவிட என் அக்கா சிறிய விடயம் என்று எப்போது ஆனது என்று எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் ‘நாளைக்கு நான் போகவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் பேருந்தில் ஏறியபோது, இரண்டாவது வரிசையில் ஜன்னலோரமாக அக்கா உட்கார்ந்திருந்தார். சாரதிக்குக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த இஞ்சித் தோசி இனிப்பு ஒன்றும் கொடுத்திருந்தார். நேரமும் இடமும் நான் அவருக்கு அனுப்பிய நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தன.

"அக்கா, ஏலாது. இறங்குங்கோ."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது? கடிதம் வந்ததோ?"

எங்கள் வழிகாட்டி ஜெர்மன் மொழி படித்த ஒரு தாய்லாந்துப் பெண். நான் அவரிடம் போய், கடிதத்தின் பிரதியையும் பதிவுத் தபால் ரசீதையும் நீட்டி, நடந்ததை முழுமையாக வாக்குமூலம் கொடுத்தேன். அவர் அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை வாசித்தார். அதை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

"பதில் வரவில்லையா?"

"இல்லை."

"அப்படியென்றால் மறுப்பும் வரவில்லை. பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கட்டும்." தலைகளை எண்ணத் தொடங்கினார். நாங்கள் இருபத்தேழு பேர். அவர் இருபத்தெட்டு என்று முடித்துவிட்டுச் சாரதிக்குக் கைகாட்டினார். கச்சேரியில் என் மேலதிகாரிகள் எவருக்கும் இப்படி ஒரு தீர்ப்பு எழுத வந்திருக்காது.

அயுத்தயாவில் எரிந்துபோன ஒரு தலைநகரம் செங்கல் செங்கலாக நிற்கிறது. தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மரத்தின் வேர்கள் ஒரு புத்தர் தலையைச் சுற்றிப் பிடித்து வைத்திருக்கின்றன. அதன் முன்னால் படம் எடுப்பவர் தன் தலை அதைவிட உயராமல் குந்தியிருக்க வேண்டும் என்பது விதி. அக்கா குந்தினார், பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நன்றாகவே உட்கார்ந்துவிட்டார். குழு அடுத்த கோபுரத்துக்குப் போனது. நான் போகவில்லை.

அங்கேதான் அம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னார். என் அகதி விண்ணப்பம் அப்போது நாலாவது வருடத்தில் இருந்தது.

"அவவுக்கு ஒரே கேள்விதான், அவனுக்குப் பத்திரம் வந்திட்டுதோ எண்டு. வந்திட்டுது எண்டு சொன்னனான். நீலக் கலர் எண்டும் சொன்னனான்."

"வர இன்னும் ரெண்டு வரியம் இருந்ததே."

"உனக்கு இருந்தது. அவவுக்கு இருக்கேல்லையே."

வழிகாட்டி தூரத்திலிருந்து எங்களை எண்ணிவிட்டு, கூப்பிடாமல் போனார்.

அருவி நாள் முழுக்கச் சிரிப்பு. ஏழு அடுக்கு, இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று நிரலில் இருந்தது. நாங்கள் இரண்டாவது அடுக்கிலேயே நின்றுவிட்டோம். பச்சைத் தெளிந்த நீரில் காலை வைத்தால் விரல் நீள மீன்கள் வந்து தோலைக் கொத்தும். அக்கா கூச்சத்தில் கத்திய கத்தலுக்கு ஆறாம் அடுக்கிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். பானிலிருந்து வந்த ஒரு முதியவர் பயணம் முழுவதும் குறைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தார், திரும்பிப் போய் முறைப்பாடு செய்ய. அவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று குறிப்பேட்டைத் திறந்தபோது நான் கடிதத்தின் பிரதியைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன்.

"உங்கள் சகோதரி தந்த அந்த இஞ்சி இனிப்பை எப்படிச் செய்வது?" என்று கேட்டார்.

அக்கா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒழுங்காக இலக்கமிட்டு எழுதிக்கொண்டார்.

அக்கா நான்காம் நாள் போய்விட்டார். நான் கொலோன் திரும்பி நான்கு வாரத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. குழுவில் பதிவு செய்யாத நபர்கள் காப்புறுதிக் காரணங்களால் பேருந்தில் அனுமதிக்கப்படமாட்டார்கள், புரிந்துணர்வுக்கு நன்றி, இனிய பயணம் அமையட்டும். கையெழுத்து முத்திரையில் அச்சடித்தது. அன்று மாலையே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"அப்ப நான் இப்ப இறங்க வேணுமோ?"

தேவையில்லை என்றேன். பெறப்பட்ட திகதியைக் கடிதத்தின் மூலையில் குறித்துக் கோப்பில் இட்டேன்: 1998 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை.