மிளகுக்கொடி இல்லாத பட்டு

மாத்தளையில் படித்தவர்கள் கூடித் தமிழ் ஆராய்கிற சங்கம் ஒன்று உண்டு. அதில் ஓர் ஆள் செத்தால், சங்கச் சின்னம் போட்ட பட்டுத் துணியை உடம்பின்மேல் விரிப்பார்கள். பெட்டியை மூடுமுன் எடுத்து மடித்து, அடுத்தவருக்கு வைத்துக்கொள்வார்கள். எத்தனையோ பேர்மேல் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சின்னத்தை வரைந்தவர் என் வீட்டுக்காரர். கேடயம்போல ஒரு கட்டம். நடுவில் அன்னம், பாலையும் தண்ணீரையும் அது பிரிப்பதுபோல், படித்தவன் நல்லது கெட்டதைப் பிரிக்க வேண்டுமாம். அதன் காலடியில் ஓலைச்சுவடி. இரண்டு பக்கமும் மிளகுக்கொடி. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்தச் சின்னத்துக்கு எனக்கு எழுத்தே தேவைப்படவில்லை. மிளகு முள்முருங்கையில் ஏறினாலும் காரம் அதனுடையதுதான், இந்தச் சிங்கள ஊரில் தமிழர் நாமும் அப்படித்தான் என்பார்.

போன வருடம் வந்த புது நிர்வாகம் மிளகுக்கொடியை எடுத்துவிட்டுத் தாமரை போட்டது. "நம்மள நாமே ஒட்டிப் பிழைக்கிறவங்கன்னு சொல்லிக்கிறதா?" என்று செயலாளர் கேட்டாராம். அன்றோடு இவர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். பிறகு சிறுநீரகமும் போனது. படுக்கையில் கிடந்தபடி என் கையைப் பிடித்துச் சொன்னார்: "அந்தப் புதுத் துணி எம்மேல படக்கூடாது. நீதான் பாத்துக்கணும்."

மாத்தளைப் பக்கத்துப் பல்லேபொலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பெட்டி இருந்தது. செயலாளர் ஆட்களோடு வந்தார். கையில் மடித்த துணி.

"வேணாங்க ஐயா," என்றேன்.

"அக்கா, இது சங்கத்து மரியாதை."

"சரிங்க. அவரு வரைஞ்சதக் கொண்டாங்க, போடலாம்."

"பழசு இப்ப இல்லையே. சாவு வீட்டுல சண்டை புடிக்கவா வந்தோம்?"

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்: "மனுசன் செத்தும் எதிர்த்துல்ல ஓட்டுப் போடுறாரு!"

மகள் என் காதோரம், "அம்மா, போட்டுட்டுப் போகட்டும். எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

"பாக்கட்டும். பெட்டியில கெடக்கிறது அவங்க இல்ல."

அவர்கள் இறங்கி ரோட்டோரம் போய் நின்றார்கள். இரங்கல் பேச்சு இல்லை. பெட்டி தூக்கத் தோள் போதவில்லை. எதிர்வீட்டுச் சிங்கள ஆட்கள் வந்து பிடித்தார்கள். நான் வாசல்வரைதான் போனேன்.

அந்த வாரம் முற்றத்து முள்முருங்கையில் மிளகு பழுத்திருந்தது. பறிக்க மனசு வரவில்லை, குருவி தின்றது. அப்பாவை வெறும் உடம்பாக அனுப்பினேன் என்று மகள் இன்னும் குறைபடுகிறாள். அனுப்பினேன்தான். என்மேல் அந்தத் துணி எப்படியும் விழாது. நான் மெம்பர் இல்லை.