முந்நூறுக்குள் அடங்காத முகம்

ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தபோது நான் ஸ்டுடியோவில் ஒரு நெகட்டிவின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தம்பி ஆவூரிலிருந்து பேசினார். "அக்கா காலையில தவறிட்டாங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. உடம்பு தேறி அடுத்த வாரம் வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாளே.

புதுக்கோட்டையில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் இருவரின் வேலை. நான் வேகம், அவள் ஆமை. "ஏன் பறக்குற, ஒனக்கா பஸ்ஸுக்கு நேரமாச்சு?" என்பாள். ஆவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் அவள்தான்.

ஒருநாள் மணமேல்குடியிலிருந்து ரஹ்மத் என்ற பெண் ஒரே ஒரு நெகட்டிவோடு வந்தார். கல்யாணக் கூட்டத்தின் பின்வரிசையில் அவருடைய அப்பா, அவர் சொல்லில் அத்தா, நின்றிருந்தார். இறந்துபோன அந்த மனிதருக்கு வேறு படமே கிடையாது. அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கித் தர வேண்டும். நான் வழக்கம்போல முந்நூறு டிபிஐ வைத்து ஸ்கேன் செய்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் முகம் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். "இதுக்கு மேல வராதுங்க" என்றேன். அவர் நெகட்டிவைக் கவரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்த ஸ்டெல்லா திரையைப் பார்த்து என்னிடம் விவரம் கேட்டாள். "முந்நூறு பிரிண்டுக்குடி. பிலிமே ரெண்டு விரல் அகலம். அதுல அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி எடுத்தா அந்த மூஞ்சிக்கு என்ன மிஞ்சும்?" என்றவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். மணமேல்குடிப் பக்கம் போகும் அறந்தாங்கி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ரஹ்மத்தை இறக்கிக் கூட்டிவந்தாள். "மொதல்ல எடுத்தது சும்மா டெஸ்ட்டுக்குங்க" என்று எனக்காகப் பொய்யும் சொன்னாள். மூவாயிரத்து இருநூறு வைத்து எடுத்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க மீசை தெரிந்தது, பிறகு கண்கள். "அத்தாதான். சிரிக்கிறாங்க பாருங்க" என்றார் ரஹ்மத்.

அவர் போனதும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "இன்னும் எத்தன பேருக்கு முந்நூறு போட்ட? நான் பொய் சொன்னது இந்த ஒரு தடவைக்குத்தான். மத்தவங்ககிட்ட நீயே உண்மையச் சொல்லு."

ஒவ்வொருவராகப் போன் செய்தேன். பலர் நெகட்டிவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், சிலர் திட்டினார்கள். கீரனூர்ப் பெரியவர் ஒருவர் மட்டும், "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு அதத் தூக்கிப் போட்டுட்டமேம்மா" என்றார். அவர் மனைவியின் படம் அது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஸ்டெல்லா என்னைத் தேற்றவில்லை. "இருக்கிற புள்ளிக்குச் சின்னப் படம் தெளிவா வரும். இழுத்துப் பெருசாக்காத" என்று அதைத் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாக அச்சிட்டாள். மறுநாள் இருவரும் கீரனூருக்குப் போனோம். அந்த வீட்டு வாசலில் எனக்குக் கை எழவில்லை. கதவைத் தட்டியது அவள். தப்பைச் சொன்னது நான். பெரியவர் படத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதைத்தான். தப்புச் செய்தால் அந்த வீட்டு வாசலுக்கே போய் நிற்பேன். இனிமேல் கதவையும் நானே தட்ட வேண்டும்.