மூன்றாம் வேற்றுமையும் ஒரு பாலாடையும்

வேலூர் லாங் பஜாரில் சென்ற வாரம் ஒரு பித்தளைக் கடைக்குள் நுழைந்தேன். வாங்க வேண்டியது வடிதட்டு. கண்ணில் பட்டதோ வேறொன்று. கரண்டிகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறு கிண்ணம் கிடந்தது. அதன் ஒரு பக்கம் வாத்தின் அலகைப் போல் நீண்டிருந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வெளக்குக்கு எண்ண ஊத்தறதும்மா. ஒரு சொட்டு சிந்தாது" என்றார் கடைக்காரர்.

எண்ணெய் ஊற்றவும் உதவும்தான். நான் மறுத்துப் பேசவில்லை. வடிதட்டை மறந்து, அதை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதன் பெயர் பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் கலம். காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏட்டுக்கும் அதுவே பெயர். புலவர் ஒருவருக்கு மகளாகப் பிறந்து, பால்பற்கள் விழுவதற்கு முன்பே வேற்றுமை உருபுகளை ஒப்பித்த எனக்கு, ஒரு சொல் இரு பொருள் தருவது என்றுமே ஒரு நயமாகத்தான் தோன்றிவந்தது. பேரணாம்பட்டுக்குப் போகும்வரை.

இளவயதில், அவ்வூரில் பெண்களுக்கென்று இருந்த ஒரு சிறு மருந்தகத்தில் நான் செவிலியாகச் சேர்ந்தேன். காவிரிக் கரையில் வளர்ந்தவளுக்கு, தோல் பதனிடும் அந்த ஊரின் வாடை முதலில் பெருந்துன்பம். ஊறுகின்ற தோல், சுண்ணாம்புத் தொட்டி, மலை மலையாகக் குவிந்த ஆவாரம்பட்டை மூன்றும் கலந்த ஒரு துவர்ப்பு. மூச்சில் மட்டுமன்று, சோற்றிலும் அது இருந்தது. சில மாதங்களில் எப்படியோ பழகிப்போயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனால், காற்றில் உப்புப் போடாதது போல் ஒரு குறை தெரியும். என் தாயார் என் புடவைகளைத் தனியே துவைக்கச் சொன்னது வேறு கதை.

மருந்தகத்தை நடத்தியவர் கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் அம்மையார். முன்ஷி ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் தமிழ் பயின்றவர். அவர் பேச்சில் ஓர் உருபும் உதிராது. "தாங்கள் வாயினைத் திறப்பீர்களாக" என்று அவர் சொன்னால், நோயாளி வியப்பிலேயே வாயைத் திறந்துவிடுவாள். அத்தமிழில் உள்ளூர மயங்கிக் கிடந்தவள் நான் ஒருத்திதான். ஊரில் மற்றெல்லாரும், அவர் பேசியது ஆங்கிலம் என்றே எண்ணியிருந்தார்கள் போலும்.

ஒரு பிற்பகல், ஜட்கா வண்டியிலிருந்து மெஹ்ருன்னிசா இறங்கி வந்தாள். ஆவாரம்பட்டை வண்டி ஓட்டுகிறவரின் தமக்கை. மார்போடு அணைத்திருந்த கம்பளிக்குள் பஞ்சுப் பொதி. பொதிக்குள் தம்பியின் மகள். நாள் நிறையுமுன் முந்தைய நாள்தான் வீட்டிலேயே பிறந்திருந்தாள். தாய் ஜமீலா எழுந்து நடக்கும் நிலையில் இல்லை.

"மாருல வெச்சா வாயத் தொறக்குது நர்சம்மா. இழுக்கத் தெம்பில்ல. தூங்கிப்போவுது" என்றாள்.

அம்மையார் குழந்தையைப் பார்த்தார். என் கையைவிடச் சற்றே பெரிய உடல், முதுகெங்கும் பூனைமுடி. எங்களிடம் இருந்த இரண்டு கட்டில்களிலும் காய்ச்சல் கண்ட தாய்மார்கள் படுத்திருந்தார்கள். அவர்கள் அருகே இவ்வளவு சிறிய உயிரை வைக்க அம்மையார் அஞ்சினார். குளிர் படாமல் வைத்திருக்கும் விதத்தைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உரைத்தார்: "தாயின் பாலைப் பீய்ச்சி, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டுவீர்களாக."

மெஹ்ருன்னிசா தலையசைத்தாள். நானும் தலையசைத்தேன். எவ்வளவு அழகான மூன்றாம் வேற்றுமை!

மறுநாட்காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பால் தீய்ந்த மணம். உள்ளே கரியடுப்பின்மேல் ஒரு சின்னஞ்சிறு கிண்ணம். அதன்மேல் குனிந்தபடி மெஹ்ருன்னிசா. கட்டிலில் ஜமீலா அழுது ஓய்ந்த முகத்தோடு சாய்ந்திருந்தாள். குழந்தை அழவில்லை. அழும் வலுவும் போயிருந்தது.

"இன்னா செய்றீங்க?" என்று கேட்டேன். அவ்வூர் வந்த பின் என் தமிழும் ஒருவாறு தேறியிருந்தது.

"காய்ச்சறோம், ஆற வெக்கிறோம், பாக்கறோம் நர்சம்மா. ஆடையே கட்ட மாட்டேங்குது. டாக்டரம்மா மலாய்தானே குடுக்கச் சொன்னாங்க?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. 'பாலாடையால்' என்ற சொல் மருந்தகத்துப் படியிறங்கும்போதே உருபை உதிர்த்திருக்கிறது. வீடு சேர்ந்ததும் உருதுவில் 'மலாய்' ஆகியிருக்கிறது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, காய்ச்சி, ஏடு படியட்டும் என்று இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். அவ்வளவு கீழ்ப்படிதல்! சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியின் ஈரத்தைத் தவிர, குழந்தையின் வாயில் எதுவும் படவில்லை.

"என் பால்ல சத்து இல்ல" என்றாள் ஜமீலா, சுவரைப் பார்த்தபடி. "இருந்தா ஆடை கட்டியிருக்கும்."

அடுப்பிலிருந்த கிண்ணத்தை நானே இறக்கினேன். "அந்த ஆடை இல்லை அம்மா, பாலாடை என்றால் பாத்திரம். மூக்கு வைத்த கிண்ணம்" என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினேன். இருவரும் என் விரலைப் பார்த்தார்களே ஒழிய, பாத்திரம் தெரியவில்லை. அரைச்சுவருக்கு அப்பாலிருந்து, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளின் தலை எழுந்தது.

"அட, சங்கு! சங்கத்தான் அந்த வெள்ளக்காரம்மா இப்டி சுத்தி வளைச்சிச்சா? சங்குன்னா வாய் நோவுமா அதுக்கு?"

சொன்ன கையோடு, தன் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டிய சங்கைச் சுவர்மேல் வைத்தாள். அதைக் கொதிநீரிலிட்டு எடுத்தேன். ஜமீலா பாலைப் பீய்ச்சினாள். குழந்தையைச் சற்றே நிமிர்த்தி மடியில் வைத்து, இதழோரத்தில் ஒரு துளி விட்டேன். அது மோவாயில் வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. மெஹ்ருன்னிசாவின் உதடுகள் ஓசையின்றி ஓதிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு துளி. காத்திருந்தோம்.

தொண்டை அசைந்தது.

"முழுங்கிச்சு! ஜமீலா, முழுங்கிச்சுடீ! உன் பால்ல ஒரு கொறையும் இல்ல!" என்று கூவினாள் மெஹ்ருன்னிசா.

"கத்தாதடி, கொழந்த பயந்துக்கும்" என்று சுவர்மேலிருந்து அதட்டினாள் கன்னியம்மாள். "ஜாஸ்தி ஊத்திடாதீங்க நர்சம்மா. பொரை ஏறிட்டா பேஜாரு."

சங்கு என் கையிலிருந்து ஜமீலாவின் கைக்கு மாறிற்று. அடுத்த துளியை அவளே விட்டாள்.

நடந்ததை அம்மையாரிடம் சொன்னேன். "என் இலக்கணத்தில் பிழை உண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றேன், உண்மையும் அதுதான். அதன் பிறகு அவர் பைக்குள் எப்போதும் ஒரு சங்கு இருந்தது. சொல்லுமுன் அதைத் தூக்கிக் காட்டுவார். காட்டிய பின்பே தமிழ் வரும்.

குழந்தைக்கு மெல்ல மெல்லக் கன்னம் வைத்தது; ஒருநாள் தாயின் மார்பிலேயே இழுத்துக் குடித்தது. முறையான பெயர் ஒன்று வைத்தார்கள். ஆனால் அத்தை அவளை 'மலாய்' என்றே கூப்பிட்டாள். தெரு முழுதும் அப்படியே கூப்பிட்டது. ஆவாரம்பட்டைக் குவியலில் ஏறிச் சறுக்கி, உடம்பெல்லாம் பட்டைத்தூளாய் நிற்கும் கறுத்த பெண்ணை, "அரே மலாய்! எறங்கு!" என்று மெஹ்ருன்னிசா விரட்டுகிற காட்சியைக் கண்டால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

பின்னர் எனக்கு வேறு ஊர்களில் பணி அமைந்தது. அவர்கள் எங்கோ குடிபெயர்ந்தார்கள். எங்கே என்று சொல்ல இன்று அங்கு ஆளில்லை. பித்தளைக் கடைக்குப் போன மறுநாள், மனம் கேளாமல் பேரணாம்பட்டுக்கு வண்டி ஏறினேன். ஆவாரம்பட்டைக் குவியல் கிடந்த இடத்தில் தோல் பதனிடும் ரசாயனப் பீப்பாய்கள் அடுக்கியிருந்தார்கள். காற்று மூக்கைக் குத்தியது; அந்தத் துவர்ப்பு அதில் இல்லை. வீடு இருந்த இடத்தில் ஒரு கிடங்கு. கன்னியம்மாள் தலை நீட்டிய அரைச்சுவரும் இல்லை.

நின்றிருந்தேன். குல்பி விற்பவன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு, "மலாய்! மலாய்!" என்று கூவிப் போனான்.

அத்தெருவில் திரும்பிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.