அவசரத்துக்கு ஒரு நம்பர்

இவ்வளவு நாள் இந்தக் குழுவில் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் போட்டி. மூன்று மாதமாகச் சித்தூரில் தனியாக ஓடிப் பழகினேன். இன்று பதிவு செய்யத் திருப்பதி போனேன்.

படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என் நம்பரையே எழுதினேன். வீட்டில் நான் ஒருவன்தான்.

மேசையிலிருந்த பெண் சிரித்தாள். "இன்னா சார், நீங்க உழுந்தா நீங்களே போன் எடுப்பீங்களா?"

"அஞ்சு கிலோமீட்டர்தானேம்மா."

"போன வருஷம் ஒருத்தர் ரெண்டாவது கிலோமீட்டர்லயே உழுந்துட்டார். வேற நம்பர் குடுங்க சார்."

எனக்கு மனப்பாடமான வேறு ஒரே நம்பர் தம்பியுடையது. எங்களைப் பெற்ற நைனா இறந்ததை அடக்கம் முடிந்த பிறகு எனக்குச் சொன்னவன். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

எழுதினேன். கோபம்கூட வரவில்லை.

"உங்க அவசர நம்பர்னு அவருக்கும் மெசேஜ் போயிடுச்சு சார்" என்றாள்.

பஸ் சித்தூர் வருவதற்குள் மூன்று முறை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி அனுப்பினான்: "எத்தனை மணிக்கு ஓட்டம்?"

இன்னும் பதில் போடவில்லை. என்ன போடலாம், நீங்களே சொல்லுங்கள்.

அவனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். இருந்தாலும் பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.