ஹவானா போகிறவர்களுக்கு அன்ரி சொன்னது

இன்று வோபர்ன் தமிழ்க் கடை வரிசையில், வெள்ளிக்கிழமை மனைவியோடு கடல் குளிக்க ஹவானா போவதாகப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் சொல்லித் தொலைத்தேன்.

"தம்பி, ரைஸ் குக்கர் கொண்டு போங்கோ. மிளகாய்த்தூளை உடுப்புக்குள்ள சுத்துங்கோ. பாத்றூமுக்குள்ள சமைச்சா புகை அலாம் அடிக்காது."

"அன்ரி, மூண்டு நேரச் சாப்பாடும் ஹொட்டேலில தருவினமே!"

"ஓம், எங்களுக்கும் தந்தவை. ஒண்டிலயும் உறைப்பில்லை."

"கடல் எப்படி?"

"ஆர் கண்டது? ஒராள் குக்கரைப் பாத்தா மற்றாள் கதவைப் பாக்கவேணும். ரூம் கூட்ட வாறவை கண்டிட்டா?"

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தேன்.

மனைவி பெட்டி அடுக்கி முடித்திருந்தாள். அடியில் குக்கர். என் நீச்சலுடைக்கு இடமில்லையாம்.

ஆக, கதவு பார்க்கும் வேலை எனக்குத்தான். ஹவானாவில் கடலைக் கண்ட தமிழர் யாராவது இருந்தால், ஒரு படம் போட்டுவிடுங்கள்.